கடைசி ஆளின் கடைவாய்ப்பல்

கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கத்துக்கு எட்டுப் பேர். முன்னால் நிற்கும் ஏழு பேரும் கயிற்றைக் கையில் பிடித்து அக்குளில் இடுக்கிக்கொள்வார்கள். எட்டாவது ஆள் மட்டும் அதை உடம்பிலேயே கட்டிக்கொள்வாள். ஒரு பக்க அக்குளுக்குக் கீழே நுழைத்து, முதுகில் சாய்வாக ஏற்றி, மறுபக்கத் தோளின் மேல் இறக்கிவிடுவாள். முன்னால் யாருடைய கால் வழுக்கினாலும் அந்த உலுக்கல் கயிறு வழியாகவே ஓடிவந்து கடைசி ஆளின் தோளில் இறங்கும். தோளிலிருந்து அது எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. யீருங்குக்குத் தெரியும். அது தாடைக்குப் போகிறது.

யீருங் பிங்டுங்கில் ஒரு பெண்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்தாள். அந்தப் பள்ளிக் குழுவுக்குத் தீவு முழுக்கப் பெயர் உண்டு. அவர்கள் சத்தமே இல்லாமல் இழுப்பார்கள். மற்ற பள்ளிப் பெண்கள் ஒவ்வொரு இழுப்புக்கும் கத்திக்கொண்டிருக்க, இவர்கள் எட்டுப் பேரும் உதட்டை மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டு ரப்பர் விரிப்பின் மேல் மல்லாந்தாற்போல் சாய்ந்து கிடப்பார்கள். மூச்சு விடும் சத்தம் எதிராளிக்குக் கேட்டால், எந்த நொடியில் நாம் தளர்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும் என்பது லியென் கோச்சின் கணக்கு. லியென் கோச் முப்பத்தைந்து வயதுப் பெண். ஒரு காலத்தில் நாட்டுக்காகக் கயிறு கட்டிய கடைசி ஆள்.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, மதியச் சோற்றில் யீருங்குக்குக் கல் கடிபட்டது. எடுத்துப் பார்த்தாள். கல் வெள்ளையாக, ஒரு பக்கம் வழவழப்பாக இருந்தது. நாக்கால் துழாவினாள். கீழ் வலது கடைவாய்ப்பல்லின் ஒரு மூலையைக் காணவில்லை.

பல் டாக்டர் ஃபானிடம் போனாள். டாக்டர் அந்தப் பல்லைத் தட்டிப் பார்க்கவில்லை. அறை விளக்கை அணைத்துவிட்டு, பேனா அளவு விளக்கு ஒன்றைப் பல்லின் பக்கவாட்டில் வைத்து, யீருங்கின் கையில் கண்ணாடியைக் கொடுத்தார். நல்ல பல்லில் அப்படி விளக்கு வைத்தால் முழுப் பல்லும் காகித விளக்குக் கூண்டு போல ஒளிரும். விரிசல் விட்ட பல்லில் வெளிச்சம் விரிசல் வரை வந்து நின்றுபோகும், அதற்கு அப்பால் இருட்டு. யீருங் தன் பல்லில் பாதி வெளிச்சத்தையும் பாதி இருட்டையும் பார்த்தாள். பயப்பட வேண்டிய இடம்தான். ஆனால் இவ்வளவு சின்ன விளக்கு இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்கிறதே என்று வியந்து, விளக்கை இன்னொரு முறை வைக்கச் சொல்லிக் கேட்டாள்.

விரிசல் இன்னும் ஈறுக்கு மேலேதான் இருக்கிறது என்றார் டாக்டர். வேர் வரை இறங்கிவிட்டால் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. இப்போதைக்கு ஒரு தற்காலிக உறை போட்டு அதைச் சேர்த்துப் பிடித்துவைக்கலாம். மேல் வரிசைப் பற்களை அச்செடுத்து அதற்கேற்ற கவசமும் செய்து தரலாம். போட்டிக்குப் போகக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. வெறும் வாயோடு போகாதே என்றுதான் சொன்னார். பிறகு இன்னொன்று கேட்டார். "வலது பக்கம் மட்டும் ஏன் இப்படிக் கரைஞ்சிருக்கு? அந்தப் பக்கம் எதையாவது அடக்கி வச்சுக்குவியா?"

நெடுஞ்சாலையோரம் பாக்குக் கடை வைத்திருப்பவள் யீருங்கின் அம்மா. அதனால் டாக்டர் பாக்கையே நினைத்தார். பாக்கு இல்லை. பிளம்.

அதைச் சொல்ல வேண்டுமானால் எடை பார்க்கும் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஐந்நூறு கிலோப் பிரிவு என்றால் எட்டுப் பேரின் எடையும் சேர்ந்து ஐந்நூறைத் தாண்டக்கூடாது. ஒருத்தி கூடினால் இன்னொருத்தி குறைந்து ஈடுகட்டலாம். அதனால் யாருடைய எடையும் அவளுடையது மட்டும் இல்லை. எடை பார்க்கும் நாள் காலையில் லியென் கோச்சின் பெண்கள் தண்ணீர் குடிக்காமல், உப்பில் ஊறிக் காய்ந்த பிளம் பழத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, ஊறுகிற எச்சிலை எல்லாம் காகிதக் கோப்பையில் துப்புவார்கள். பயிற்சி எடைகள் பார்க்கும் நாட்களிலும் இதேதான். பிளம் தீரத் தீரப் புதிது.

டாக்டரிடமிருந்து திரும்பும்போது யீருங் இதை நினைத்து நினைத்து வியந்துகொண்டே வந்தாள். இதைவிடக் கச்சிதமாகப் பல்லைக் கெடுக்க ஒரு வழியைத் தேடிப் பிடித்திருக்க முடியாது. புளிப்பு பல்லின் மேற்பூச்சிலிருந்து சுண்ணச் சத்தைக் கரைத்து வெளியே இழுக்கிறது. வெளியே போனதைத் திரும்பக் கொண்டுவந்து பூசுவது எச்சில். பல்லைப் பழுதுபார்க்க உடம்பு அனுப்பும் அந்த ஆளைத்தான் இவர்கள் கோப்பையில் துப்பிக் கொட்டிவிடுகிறார்கள். முடிந்ததும் வாய் உப்புக் கரிக்கிறதே என்று பிரஷ்ஷால் அழுத்தித் தேய்க்கிறார்கள். பூச்சு மெத்தென்று இருக்கும் நேரம் பார்த்துத் தேய்த்தால் அதுவும் வழித்துக்கொண்டு போகும். அப்புறம் ரப்பர் விரிப்பில் போய் நின்று அதே பல்லைக் கடித்துக்கொண்டு எட்டுப் பேரின் இழுப்பையும் தாங்குகிறார்கள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் மட்டமாக உட்காருவதில்லை. சில முனைகளில் மட்டுமே முட்டிக்கொள்ளும். முழுக் கடியும் அந்த முனைகளில் இறங்கும். கவசம் போட்டால் முனைக்கும் முனைக்கும் நடுவே ஒரு மெத்தை வந்துவிடும், பாரம் வரிசை முழுக்கப் பரவும். அதைத் தவிரக் கவசத்தில் மாயம் ஒன்றும் இல்லை.

சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பதால் ஒரு முட்டை ஓட்டைத் தான் துப்பிய பிளம் எச்சிலில் போட்டு மூடி வைத்தாள். இரண்டு நாள் கழித்துப் பயிற்சிக் கூடத்துக்குக் கொண்டுபோய், நகத்தால் சுரண்டிக் காட்டினாள். மேலே மாவு மாவாக வந்தது.

"அய்யே, இவ எச்சிலைச் சேத்து வச்சிருக்காடி" என்று தள்ளி உட்கார்ந்தாள் எலெங். கயிற்றில் முதல் ஆள் அவள்தான். மலைப் பக்கத்துப் பைவான் பழங்குடி வீட்டுப் பெண், வாயாடி.

குழுத் தலைவி பெய்ஜென் ஓட்டை வாங்கிப் பார்த்தாள். "முட்டை ஓடும் பல்லும் ஒண்ணா?"

ஒன்றில்லைதான் என்று யீருங் ஒப்புக்கொண்டாள். பல் இதைவிடக் கெட்டி, இரண்டு நாளில் மாவாகாது. ஆனால் புளிப்பு இரண்டிலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது. நாம் இரண்டு நாள் இல்லை, மூன்று வருஷமாக ஊறுகிறோம் என்றாள். பெய்ஜென் ஓட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கயிற்றை எடுக்கப் போனாள்.

அடுத்த வாரம் பல்லில் உறையோடும் புதுக் கவசத்தோடும் வந்து யீருங் கயிற்றைக் கட்டினாள். லியென் கோச் வரிசையை ஒட்டி நடந்துவந்து அவள் முன் நின்றார்.

"வாயில என்ன?"

"பல்லுக் கவசம், கோச்."

"எடுத்துரு. எனக்கு இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் ரெண்டு, எல்லாமே கட்டின பல்லு. நான் அழுதேனா? பதக்கம் வாங்கினேன்."

"பதக்கம் வாங்குனீங்க கோச். சுட்ட சோளம் வாங்குனா மட்டும் கடிக்க முடியாம எங்க கையில குடுத்துடுறீங்க."

எலெங் இருமுவதுபோல் சிரிப்பை மறைத்தாள். கோச் அன்று யீருங்கைக் கயிற்றிலிருந்து அவிழ்த்து மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார். பயிற்சி முடியும் வரை ஓடினாள். மறுநாள் கவசத்தோடு வந்தாள், மறுபடி ஓடினாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. கடைசி ஆள் இல்லாமல் ஏழு பேர் இழுத்துப் பழகிப் பயனில்லை. கட்டிப் பழகிய வேறு ஆளும் இல்லை. வாரக் கடைசியில் கோச் கயிற்றின் நுனியை அவள் பக்கம் காலால் தள்ளிவிட்டார். ஆனால் பிளம் விஷயம் அப்படிப் போகாது என்பது யீருங்குக்குத் தெரியும். கவசம் அவள் வாய்க்குள் இருப்பது. பிளமை விட்டால் எடை ஏழு பேர் தலையில் விழும்.

போட்டி தலைநகர் தைபேயில். விடுதி அறையில் விடிந்ததும் கோச் கையோடு கொண்டுவந்த எடைக் கருவியில் ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். கூட்டினால் ஐந்நூறுக்கு மேல் ஒரு கிலோ சொச்சம். அது எதிர்பார்த்ததுதான். கோச் பிளம் பொட்டலத்தைப் பிரித்து மேஜையில் வைத்துவிட்டு, எல்லாரும் சேர்ந்து துப்பினால் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும் என்று கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு பேரும் கோப்பையோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்கள். யீருங் கோப்பையைக் கவிழ்த்துவைத்தாள்.

அறையில் துப்பும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு பெய்ஜென் பிளமைக் கன்னத்துக்குத் தள்ளிவிட்டுப் பேசினாள்.

"நீ துப்பலைன்னா உன் பங்கை யாருடி துப்புறது?"

இந்தக் கேள்வி வரும் என்று யீருங் பதினைந்து நாளாகக் காத்திருந்தாள். பதில் தயாராக இருந்தது. ஆனாலும் அதை முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். இந்த ஏழு பேரின் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் அவள் மூன்று வருஷம் வாழ்ந்திருக்கிறாள்.

"யாரும் துப்ப வேணாம். ஐந்நூத்து நாப்பதுல இழுப்போம்."

பள்ளி ஆண்டுதோறும் ஐந்நூறு, ஐந்நூற்று நாற்பது என்று இரண்டு பிரிவுக்கும் பெயர் கொடுத்துவைக்கும், எடை குறைந்த பிரிவில் மட்டும் இழுத்துவிட்டு மற்றதற்குப் போகாமல் விட்டுவிடும். அது எல்லாருக்கும் தெரியும். யாரும் அதை ஒரு வழியாக நினைத்ததில்லை.

லியென் கோச் சிரித்தார். "நாப்பது கிலோ வித்தியாசம். அதுல நீங்க காத்தாடி."

"காத்தாடிக்கும் கயிறு உண்டு கோச்" என்றாள் எலெங். பிறகு கோச்சின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கோப்பைக்குள் குனிந்துகொண்டாள்.

"யீருங், நீ இப்பப் பிளமை எடுத்தா எல்லாம் சரியாயிடும். இல்லைன்னா உன் இடத்துல ரிசர்வ் பொண்ணைக் கட்டுறேன். உன்னைவிட ஆறு கிலோ கம்மி அவ. யாரும் துப்பவே வேணாம்."

மாற்று ஆளாக வந்திருந்த அந்த ரிசர்வ் பெண் கதவோரம் வெளிறி நின்றாள். அவள் ஒருமுறைகூடக் கயிற்றைத் தோளில் கட்டியதில்லை. கட்டாத தோளில் அந்த உலுக்கல் விழுந்தால் முதல் இழுப்பிலேயே தோள்மூட்டு கழன்றுபோகலாம். அது கோச்சுக்குத் தெரியாததா? எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். சொல்லிவிட்டு அவர் அந்தப் பெண்ணைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

"கட்டுங்க கோச்" என்றாள் யீருங். "நான் வீட்டுக்குப் போயிடுறேன். ஆனா இந்தப் பல்லு எனக்கு இன்னும் அறுபது வருஷம் வேணும். கயிறு இன்னும் நாலு மாசம். ஸ்கூல் முடிஞ்சா அவ்வளவுதான். அறுபது வருஷத்தைக் குடுத்து ஒரு கிலோ வாங்கமாட்டேன்."

பெய்ஜென் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோய்ப் பிளமையே துப்பினாள். கொட்டையோடு அது கோப்பையின் அடியில் விழுந்தது.

"எனக்கு ஐஸ் கடிச்சா சுரீர்னு தலைக்கு ஏறுது" என்றாள். "ரொம்ப மாசமா. யார்கிட்டயும் சொல்லல. தலைவிக்குப் பல்லு கூசுதுன்னு எப்படிச் சொல்றது?"

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஒருத்திக்கு முன்பல்லின் விளிம்பு கண்ணாடி போல மெலிந்திருந்தது. இன்னொருத்தி இடது பக்கமே மெல்லுவதில்லையாம். எலெங் மட்டும் தன் பல்லுக்கு ஒன்றும் இல்லை என்றும், ஆனால் பசி உயிர் போகிறது என்றும் சொன்னாள். காகிதக் கோப்பைகள் ஒவ்வொன்றாக மேஜைக்கு வந்தன.

லியென் கோச் பிளம் பொட்டலத்தை மடித்தார். அவருக்குக் கோபம் தணியவில்லை, அது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் போட்டிக்கு மூன்று மணி நேரம் இருக்கும்போது ஒரு குழுவை என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குக் கோபத்தைவிட ஆழமாகப் பழகியிருந்தது.

"போய்ச் சாப்பிடுங்க" என்றார். "வெறும் வயித்தோட போய்த் தோத்தீங்கன்னா எட்டுப் பேரையும் நடந்தே பிங்டுங்குக்கு அனுப்புவேன்."

தெருமுனைக் கடையில் முட்டை தோசை மாதிரியான தான்பிங்கும் சோயாப் பாலுமாகச் சாப்பிட்டார்கள். எடை பார்க்கும் நாளில் அவர்கள் காலை உணவு சாப்பிட்டது அதுதான் முதல்முறை. எலெங் இரண்டு தட்டு முடித்துவிட்டு மூன்றாவதற்குக் கை நீட்டினாள். எடை மேடையில் அதிகாரி எட்டுப் பேரையும் ஏற்றிக் கூட்டிப் பார்த்து, முப்பத்தைந்து கிலோ மிச்சம் இருக்கிறதே, பாதி ஆளைக் கூட்டிவரலாமே என்றார். எட்டுக் கைகளிலும் முத்திரை குத்தினார்.

யீருங்குக்கு வேறொரு கவலை இருந்தது. தன்னிடம் கவசம் இருக்கிறது, மற்ற ஏழு பேரிடமும் இல்லை. விரிப்புக்குப் போகும் வழியில் அவர்களிடம் சொன்னாள்: வாயைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள், கத்துங்கள். கத்துகிற வாயில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் முட்டிக்கொள்ளாது. பெய்ஜென் கோச் இருக்கும் பக்கம் பார்த்தாள். சத்தம் போடுவது இந்தக் குழுவில் கேட்டறியாத குற்றம்.

முதல் சுற்று சுலபமாகப் போனது. அரையிறுதியில் வடக்கே கீலுங்கிலிருந்து வந்த குழு. அவர்களுடைய கடைசி ஆள் யீருங்கைவிட ஒரு சுற்றுப் பெரியவள். கவசத்தைப் பார்த்துவிட்டு, "குத்துச்சண்டை அடுத்த ஹால்ல நடக்குதும்மா" என்றாள். யீருங் உதட்டை விரித்து அதை முழுசாகக் காட்டினாள்.

முப்பத்தைந்து கிலோ குறைவானவர்கள் எப்படித் தாக்குப்பிடிக்க முடியும்? எடை கயிற்றை நேரடியாக இழுப்பதில்லை. காலணிக்கும் ரப்பருக்கும் நடுவே இருக்கும் பிடியைத்தான் அது அழுத்துகிறது. உடம்பைத் தாழ்த்தி, கால் நீட்டி, எட்டு முதுகும் ஒரே கோட்டில் சாய்ந்தால் இருக்கிற எடை முழுவதும் பிடியாகும். எட்டுப் பேரில் ஒருத்தி நிமிர்ந்தாலும் அவள் எடை வீண்.

நடுவர் கையை இறக்கினார். கயிறு கம்பியாக இறுகியது. முதலில் கத்தியது எலெங்தான். அது கத்தல்கூட இல்லை, அவளுக்குள்ளிருந்து தானாகத் தெறித்த ஓசை. அடுத்த மூச்சில் பெய்ஜென். பிறகு ஏழு பேரும் ஒன்றாக. கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பிங்டுங் பெண்கள் சத்தம் போடுகிறார்களே என்று. வரிசையின் கடைசியில் யீருங் மட்டும் ஊமையாக, கவசத்தில் பல் பதியக் கடித்துக்கொண்டு, ஏழு குரலின் தாளத்துக்குச் சாய்ந்தாள். உலுக்கல் வந்தது. தோளில் இறங்கித் தாடைக்குப் போனது, அங்கே மெத்தையில் பரவி அடங்கியது. வலி வரும் என்று காத்திருந்த இடத்தில் வலி வரவில்லை.

அந்த இழுப்பை வென்றார்கள். இரண்டாவதைத் தோற்றார்கள். மூன்றாவது நீண்டுகொண்டே போனது. கயிற்றின் நடுக்குறி இந்தப் பக்கம் ஒரு அடி வரும், அந்தப் பக்கம் ஒரு அடி போகும். கடைசியில் அந்த முப்பத்தைந்து கிலோ தன் வேலையைக் காட்டியது. ஒரு கால் வழுக்கி, இன்னொரு கால் வழுக்கி, எட்டுப் பேரும் உட்கார்ந்தபடியே கோட்டைத் தாண்டி இழுத்துச் செல்லப்பட்டார்கள்.

கை குலுக்கும்போது கீலுங்கின் கடைசி ஆள் யீருங்கின் கையை விடவில்லை. மற்றக் கையால் தன் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே, கவசத்தை எங்கே செய்தாய், எவ்வளவு நாளாகும் என்று மெதுவாகக் கேட்டாள். அவளுடைய கோச் பக்கத்தில் வந்ததும் கேட்காததுபோல் நகர்ந்துவிட்டாள். யீருங் அவள் பின்னாலேயே போய், எல்லாருக்கும் கேட்கும்படி, அச்செடுக்க ஒரு நாள், செய்து தர ஒரு வாரம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பேருந்துக்குப் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது லியென் கோச் வந்தார்.

"கத்தினதால முதல் இழுப்புல தாளம் நல்லா இருந்துச்சு" என்றார். அதைச் சொல்வதற்கு அவருக்குச் சிரமமாக இருந்தது. "ஆனா இது ஒரு தடவைதான். அடுத்த மாசப் போட்டிக்கு ஐந்நூறுக்கே போறோம். பழையபடி."

"எடையைக் குறைக்கிறோம் கோச். இன்னைலேர்ந்தே, கொஞ்சம் கொஞ்சமா, சாப்பிட்டுக்கிட்டே" என்றாள் யீருங். "ஆனா காலையில உக்காந்து துப்ப மாட்டோம். பிளம் பொட்டலத்தை நீங்க பிரிச்சீங்கன்னா நான் கயித்தைக் கட்ட மாட்டேன்."

கோச் அவளை மேலும் கீழும் பார்த்தார். பின்னால் பைகளை ஏற்றிக்கொண்டிருந்த ஏழு பேரும் கையை நிறுத்திவிட்டிருந்தார்கள்.

"மிரட்டுறியாடி?"

"ஆமா, கோச்" என்றாள் யீருங்.